நாலு மணிக்கூருக்கு மேல் வேண்டாம்

விமானத்துக்குப் பயப்படுகிறவர்களுக்கென்று உலக அளவில் ஒரு போட்டி வைத்தால் முதல் பரிசு எங்கள் மணிக்கூர் அண்ணாச்சிக்குத்தான். பரிசை வாங்கிக்கொள்ள டெல்லிக்கு வாருங்கள் என்று அழைத்தால், "ரயில்ல வந்தா தருவாங்களா, கேட்டுச் சொல்லு தங்கச்சி" என்பார். தராவிட்டால் பரிசே வேண்டாம் என்று விட்டுவிடுவார். அப்படிப்பட்ட மனிதர் வாரத்தில் பாதி நாள் வந்து உட்கார்ந்திருந்தது விமான டிக்கெட் விற்கிற கடையில். அந்தக் கடை என்னுடையது.

தம்பானூரில் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே இரண்டு லாட்ஜுகளுக்கு நடுவில் மாடியில் ஓர் அறை. ஒரு கம்ப்யூட்டர், சுவரில் பெரிய உலகப் படம், எனக்கு உதவியாக சிந்து என்கிற பெண். அண்ணாச்சிக்கு ஆரியசாலையில் மொத்தக் கடை. வத்தல் மிளகாய், மல்லி, புளி. திருநெல்வேலிப் பக்கமிருந்து வந்து இங்கேயே வேர் பிடித்த குடும்பம். அவருக்கு வீட்டில் வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் செய்தது. ஆனால் எந்த ஊர்ப் பெயரைக் கேட்டாலும் "ஏரோப்ளேன்ல எத்தன மணிக்கூரு?" என்று கேட்டுக் கேட்டு, அந்தக் கேள்வியே பெயராகிவிட்டது. எங்கள் பக்கத்தில் மணிக்கூர் என்றால் ஒரு மணி நேரம்.

முதல் நாள் கீழே லாரி ஆபீசுக்கு வந்தவர், படியேறி வந்து உலகப் படத்தின் முன்னால் வெகுநேரம் நின்றார்.

"தங்கச்சி, இங்க இருந்து லண்டன் எத்தன மணிக்கூரு?"

சொன்னேன். டிக்கெட் எந்த மாதத்துக்கு என்று கேட்டேன்.

"டிக்கெட் ஆருக்கு வேணும்? தூரம் தெரிஞ்சு வச்சிக்கிட்டா அந்தப் பக்கமே நினைக்காம இருக்கலாம்லா."

அன்றிலிருந்து வர ஆரம்பித்தார். அவர் வருவது எங்களுக்கு முன்கூட்டியே தெரிந்துவிடும். சட்டை முழுக்க மிளகாய்ப் பொடி. அவர் படியில் கால் வைத்ததும் மேலே சிந்து தும்முவாள். "சேச்சி, அண்ணாச்சி வந்நு" என்பாள், மூக்கைத் துடைத்துக்கொண்டே. இதனால் எனக்கு நஷ்டமும் உண்டு. துபாய்க்குப் போகிற ஒருவர் பணத்தை எண்ணிக் கொடுக்கிற நேரத்தில் அண்ணாச்சி உள்ளே வந்தார். அந்த ஆள் பலமாக ஒரு தும்மல் தும்மினார். பயணத்துக்குப் பணம் கட்டும்போது தும்மலா என்று முகம் மாறி, பணத்தைத் திரும்பப் பையில் வைத்துக்கொண்டு போய்விட்டார். அண்ணாச்சி அவர் போன திசையைப் பார்த்துச் சொன்னார்: "நல்ல மனுஷன். தப்பிச்சான்."

தும்மாதவர்களையும் அவர் விட்டுவைக்கவில்லை. எதிர் நாற்காலியில் இருப்பவரிடம் மெதுவாகக் குனிந்து, "எங்க போறீங்க?" என்பார். கனடா என்று அவர் சொன்னால், என்னைப் பார்ப்பார். நான் மணிக்கணக்கைச் சொன்னதும் அண்ணாச்சியின் முகம் சாவு வீட்டுக்கு வந்தவர் முகம் போல ஆகிவிடும். "வீட்ல எல்லார்ட்டயும் சொல்லியாச்சா?" என்று கேட்பார். உண்மையான அக்கறையோடுதான் கேட்பார். அதுதான் இன்னும் பயமாக இருக்கும்.

"அண்ணாச்சி, தினமும் ஆயிரக்கணக்கான பேர் பறக்கிறாங்க. ஒண்ணும் ஆகல்ல" என்று ஒருநாள் சொன்னேன்.

"அது சரி. மேல ஆராவது பிடிச்சிட்டு இருக்கணும்லா? ஒரு வாளித் தண்ணிய நீ எவ்வளவு நேரம் தூக்கிப் பிடிப்ப? நாலு மணிக்கூரு பிடிக்கலாம்னு வையி. அதுக்கு மேல சாமிக்கே கை கடுக்கும்."

இதுதான் அவருடைய விமான அறிவியல். நாலு மணிக்கூர் வரை பொறுக்கலாம். அதற்கு மேல் கூடாது. எதிர்க்காற்று, எரிபொருள், இயந்திரம் என்று நான் ஏதாவது சொல்ல ஆரம்பித்தால் கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, "பஸ்ல போகும்போ பயம் வந்தா பெல்ல அடிச்சு இறங்கலாம். இதுல எங்க இறங்க?" என்பார்.

எங்கள் விமான நிலையத்துக்கு ஒரு பெருமை உண்டு. சாமி கடலில் நீராடும் ஆறாட்டு நாளில் பத்மநாப சுவாமியின் ஊர்வலம் ஓடுபாதையைக் கடந்துதான் சங்குமுகம் கடற்கரைக்குப் போகும். அந்த நேரத்துக்கு விமானங்களை நிறுத்திவிடுவார்கள். ஒரு வருஷம் அண்ணாச்சிக்கு ஊர்வலத்தோடு போக அனுமதி கிடைத்தது. ஊரே சாமியைப் பார்த்துக்கொண்டு நடக்க, இவர் மட்டும் வானத்தைப் பார்த்துக்கொண்டு நடந்தார். ஓடுபாதை வந்ததும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஒரே ஓட்டம். சாமிக்கு முன்னால் போய் ஓடுபாதையின் அந்தப் பக்கம் நின்றாராம். மறுநாள் கடைக்கு வந்து என்னிடம் பெருமையாகச் சொன்னார்: "அந்த ரன்வேல பத்மநாப சாமியே தரையோடதான் போறாரு, பாத்தியா? ஏறிப் பறக்கல்லல்லா."

இப்படியே போயிருந்தால் அவர் வெறும் வேடிக்கை மனிதராகவே இருந்திருப்பார். ஆனால் அவருக்குக் கோமதி என்று ஒரே மகள். கோமதிக்கு மாப்பிள்ளை பார்க்க ஆரம்பித்தார்கள்.

வந்த வரன்களில் பாதிக்கு மேல் வெளிநாட்டு வரன்கள். ஒவ்வொரு ஜாதகமும் ஜோசியரிடம் போவதற்கு முன்னால் என் கடைக்கு வந்தது. மஸ்கட் பையன் ஒருவனுக்கு மூன்றரை மணி நேரம் என்றதும் அண்ணாச்சி முகம் மலர்ந்தார். பையன் வீட்டார் பேச வந்த இடத்தில், சில சமயம் மும்பை போய் மாறிப் போவான் என்று யாரோ சொல்லிவிட்டார்கள். "அப்ப ரெண்டு தடவ ஏறணும். ரெண்டு தடவ இறங்கணும்" என்று எழுந்துவிட்டார். ஃபிராங்க்ஃபர்ட் பையனுக்கு எல்லாப் பொருத்தமும் இருந்தது. நல்ல வேலை, நல்ல குடும்பம், கோமதிக்கும் பிடித்திருந்தது மாதிரிதான் தெரிந்தது. பறக்கிற நேரம் பதினொன்று வரும் என்று நான் சொன்னேன். அத்தோடு முடிந்தது. மறுநாள் கல்யாணத் தரகர் என் கடைக்கே வந்துவிட்டார்.

"யம்மா, பத்துப் பொருத்தம் பாத்துக் கொடுக்கத்தான் எனக்குத் தெரியும். நீங்க என்ன பதினோராவதா ஒண்ணக் கிளப்பி விட்டிருக்கீங்க?"

கடைசியில் சிங்கப்பூர்ப் பையன் அமைந்தான். நாலு மணிக்கூர், நேர் விமானம். அண்ணாச்சி கோமதியைப் பெண் பார்க்கும் சபைக்கு என்னையும் அழைத்துப் போய், மாப்பிள்ளை வீட்டார் முன்னால் சொல்லச் சொன்னார். நான் சபையில் எழுந்து நின்று, "ஏறக்குறைய நாலு மணிக்கூர்தான்" என்று சாட்சி சொன்னேன். மாப்பிள்ளையின் அம்மா ஒன்றும் புரியாமல் எனக்கு ஒரு தாம்பூலத் தட்டு கொடுத்தார்.

கல்யாணம் முடிந்து கோமதி புறப்பட்ட அன்று அண்ணாச்சி விமான நிலையத்துக்குள் வரவில்லை. சங்குமுகம் கடற்கரையில் குடையோடு நின்றார். விமானம் கடலுக்கு மேல் போய்ப் புள்ளியாகி மறைந்த பிறகும் அண்ணாந்து பார்த்தபடியே நின்றார். ஒருவர் மேலே பார்த்துக்கொண்டு நின்றால் என்ன ஆகும்? கடலை விற்கிறவர் பார்த்தார். காற்று வாங்க வந்த குடும்பம் பார்த்தது. சற்று நேரத்தில் ஒரு கூட்டமே வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றது. போலீஸ்காரர் வந்து, "எந்தா அவிடெ?" என்று மேலே கை காட்டிக் கேட்டார். அண்ணாச்சி தலையை இறக்காமல் சொன்னார்: "என் மக."

போலீஸ்காரரும் கொஞ்ச நேரம் மேலே பார்த்துவிட்டுப் போனாராம்.

இரண்டு வருஷம் நன்றாகப் போயிற்று. கோமதி வந்தாள், போனாள். அண்ணாச்சி குடையோடு நின்றார். பிறகு ஒருநாள் காலையில் தும்மல் சத்தம்கூடக் கேட்காத வேகத்தில் படியேறி வந்து, உலகப் படத்தின் கீழ் மூலையில், கிட்டத்தட்ட சட்டத்துக்கு வெளியே விழுந்துவிடுவது போலிருந்த இரண்டு தீவுகள் மேல் விரலை வைத்தார்.

"ஆக்லாந்து. இதுதானா?"

"அதேதான் அண்ணாச்சி. நியூசிலாந்து. ஏன்?"

"மாப்பிள்ளைய அங்க மாத்திட்டாங்க. சிங்கப்பூர்ல இருந்து எத்தன மணிக்கூரு?"

கம்ப்யூட்டரில் தேடுகிற மாதிரி கொஞ்ச நேரம் தட்டினேன். "பத்து வரும்" என்றேன். இங்கிருந்து பதினோராயிரம் கிலோமீட்டருக்கு மேல் என்பதைச் சொல்லவில்லை. அண்ணாச்சி நாற்காலியில் உட்கார்ந்தார்.

"நீதான தங்கச்சி நாலு மணிக்கூருன்னு சபையில எந்திச்சு நின்னு சொன்ன?"

"அது சிங்கப்பூருக்கு, அண்ணாச்சி. மாப்பிள்ளைக்கு நான் எப்படிப் பொறுப்பு?"

"அதுவும் சரிதான்" என்றார். ஆனால் அன்று கிளம்பும்போது என்னிடம் சொல்லிக்கொள்ளவில்லை.

கோமதி போய்ச் சேர்ந்தாள். கொஞ்ச மாதத்தில் கர்ப்பமானாள். பிள்ளைப்பேற்றுக்கு இங்கே வந்துவிடுவாள் என்றுதான் எல்லோரும் இருந்தோம். ஆனால் ரத்த அழுத்தம் ஏறி, அவளைப் படுக்கையை விட்டு எழக்கூடாது என்று டாக்டர்கள் சொல்லிவிட்டார்கள். விமானப் பயணம் கூடவே கூடாது. குழந்தை நாளுக்கு முன்னாலேயே வந்துவிடலாம் என்றார்கள். மாப்பிள்ளை போனில் பேசிய குரலைக் கேட்டு அண்ணாச்சியின் மனைவி, நான் மைனி என்று கூப்பிடுகிறவர், உடனே முடிவு செய்துவிட்டார். மைனி எதற்கும் பயந்து நான் பார்த்ததில்லை. கடைக்குள் பாம்பு வந்தபோது அண்ணாச்சி மூட்டை மேல் ஏற, மைனி துடைப்பத்தோடு இறங்கியவர்.

"நான் போறேன்" என்றார் மைனி. "நீங்க வரண்டாம். கடையப் பாத்துக்கிடுங்க."

அண்ணாச்சி அடுத்த சில நாட்கள் என் கடையில்தான் இருந்தார். முதல் நாள் கப்பலைப் பற்றி விசாரிக்கச் சொன்னார். விசாரித்தேன். கப்பலில் போய்ச் சேரும்போது பேரப்பிள்ளை பள்ளிக்கூடத்துக்குப் போய்க்கொண்டிருக்கும் என்று சொன்னேன். மறுநாள் படத்தின் முன்னால் நின்று, "சிங்கப்பூர் வரைக்கும் கரை இருக்குல்லா? ரோடு உண்டா?" என்று கேட்டார். வழியில் இருக்கிற நாடுகளை நான் சொல்லச் சொல்லக் கேட்டுவிட்டுத் தலையை ஆட்டினார். அதற்கு மறுநாள் படத்தின் பக்கமே போகவில்லை. சாயங்காலம் எழுந்து போகும்போது வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"ரெண்டு டிக்கெட் போடு."

"நீங்களுமா? பயமில்லையா அண்ணாச்சி?"

"பயம்தான். அவ மட்டும் மேல இருந்தா நான் கீழ இருந்து பயப்படணும். அது ரொம்பத் தொலவு தங்கச்சி. கூட இருந்தா பக்கத்துலயே பயந்துக்கிடலாம்."

அந்த நேரத்தில் சிங்கப்பூருக்கு ஒரு சுற்றுலாக் கூட்டத்தை நான் அழைத்துப்போக வேண்டியிருந்தது. அண்ணாச்சிக்கும் மைனிக்கும் அதே பகல் விமானத்தில் என் பக்கத்து இருக்கைகளைப் போட்டேன். சிங்கப்பூர் வரை நான் கூட இருப்பேன் என்றதும் மைனி, "அப்ப இவர நீ பாத்துக்கிடு, நான் தூங்கிருதேன்" என்றார்.

அண்ணாச்சி முந்தின நாளிலிருந்து சாப்பிடவில்லை. பக்தியால் அல்ல, எடையைக் குறைக்கத்தான். விமான நிலையப் பரிசோதனையில் அவர் மடியிலிருந்து எலுமிச்சம்பழம் எடுத்தார்கள், சட்டைப் பையிலிருந்து எலுமிச்சம்பழம் எடுத்தார்கள், கைப்பையைத் திறந்தபோது இன்னும் இருந்தன. சோதனை செய்த பெண் சிரித்துவிட்டு, ஒன்றை மட்டும் வைத்துக்கொள்ளச் சொன்னாள். அந்த ஒன்றை அவர் உள்ளங்கையில் வைத்து மூடியவர்தான். பிறகு அந்தக் கையை யாருக்கும் கொடுக்கவில்லை.

விமானம் கிளம்பியது. ஜன்னல் பக்கம் மைனி, நடுவில் அண்ணாச்சி, இந்தப் பக்கம் நான். அவர் உட்கார்ந்திருந்த விதம் எனக்கு விசித்திரமாகப் பட்டது. பெல்ட்டுக்குள்ளேயே உடம்பைக் கொஞ்சம் தூக்கி, இரண்டு கைப்பிடிகளிலும் பாரத்தைக் கொடுத்து, இருக்கையில் பட்டும் படாமலும் இருந்தார்.

"நல்லா உக்காருங்க அண்ணாச்சி."

"முழு எடையையும் வைக்கக்கூடாது" என்றார் பல்லைக் கடித்துக்கொண்டு. "எல்லாரும் கொஞ்சம் கொஞ்சம் தூக்கிக்கிட்டா அதுக்கும் சிரமம் குறையும்லா."

அப்படியே ஒரு மணி நேரத்துக்கு மேல் இருந்தார். எங்கள் பக்கத்தில் இரண்டு பேர் கழிவறைக்கு எழுந்து போனால், எடையைச் சரிக்கட்ட இவர் ஜன்னல் பக்கம் மைனி மேல் சாய்வார். சாப்பாட்டுத் தட்டு கொண்டுவந்த பணிப்பெண்ணிடம் மிகுந்த மரியாதையோடு, "எனக்கு வேண்டாம்மா, கீழ வச்சிரு" என்றார். எங்கே கீழே வைப்பது என்று தெரியாமல் அவள் விழித்தாள். மைனி அவருடைய தட்டையும் வாங்கிச் சாப்பிட்டுவிட்டுக் கண்ணை மூடினார்.

வங்காள விரிகுடாவுக்கு மேலே எங்கேயோதான் அது ஆரம்பித்தது. முதலில் மாட்டுவண்டிப் பாதை மாதிரி ஒரு சின்ன ஆட்டம். பெல்ட் விளக்கு எரிந்தது. பணிப்பெண்கள் தள்ளுவண்டியை அவசரமாக உள்ளே தள்ளிக்கொண்டு போனார்கள். அவர்களும் போய் உட்கார்ந்து பெல்ட்டைப் போட்டுக்கொண்டதைப் பார்த்ததும் நான் என் பெல்ட்டை இன்னும் இறுக்கினேன். நான் எத்தனையோ தடவை பறந்தவள். ஆனால் அடுத்து வந்தது மாதிரி ஒன்றை நான் அனுபவித்ததில்லை. தரை காலுக்குக் கீழே இல்லாமல் போனது. விமானம் அப்படியே கீழே இறங்கியது. நாங்கள் மேலேயே இருந்தோம். யாரோ அலறினார்கள். தண்ணீர்ப் பாட்டில்கள் உருண்டன. பின்னால் ஒரு குழந்தை வீறிட்டது. என் கூட்டத்தில் வந்த ஒரு ரிட்டயர்டு பேராசிரியர், "சிஸ்டர், சிஸ்டர்" என்று என்னைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். நான் திரும்பவில்லை. ஆண்டவரை உரக்கக் கூப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

மைனி விழித்துக்கொண்டார். பாம்பை அடித்த மைனியின் முகத்தில் ரத்தமே இல்லை. ஜன்னலுக்கு வெளியே வெறும் வெள்ளை. மறுபடியும் ஒரு இறக்கம்.

"நான் கோமதியப் பாக்காமலே போயிருவேனாக்கும்" என்றார் மைனி. சத்தம் போடவில்லை. ரொம்பச் சின்னக் குரலில் சொன்னார்.

அண்ணாச்சி கண்ணைத் திறந்தார். மனைவியின் முகத்தைப் பார்த்தார். கல்யாணம் ஆனதிலிருந்து அந்த முகத்தை அவர் அப்படிப் பார்த்திருக்க மாட்டார் என்று நினைக்கிறேன். கைப்பிடிகளை விட்டார். இருக்கையில் முழு எடையையும் வைத்து, நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தார். எலுமிச்சம்பழத்தை மைனியின் கையில் திணித்து, அந்தக் கையைத் தன் இரண்டு கையாலும் மூடிக்கொண்டார்.

"ஏட்டி, பொன்முடிக்குப் போனமே, ஞாபகம் இருக்கா? கல்யாணம் ஆன புதுசுல."

மைனி அவர் பக்கம் திரும்பினார்.

"தம்பானூர்ல பஸ் ஏறினோம். கல்லாறு வரைக்கும் நீ பேசிட்டே வந்த. அதத் தாண்டினதும் மலை ரோட்டு வளவு ஆரம்பிச்சுது. நீ என் வேட்டியில வாந்தி எடுத்த. மேல போயி நான் துண்டக் கட்டிட்டுதான் சுத்திப் பாத்தேன். மறந்துட்டியா?"

விமானம் ஒரு பக்கமாகச் சாய்ந்தது.

"இது அந்த வளவுதான். வேற ஒண்ணுமில்ல. டிரைவர் திருப்புதான். இன்னா, இது ஒண்ணு போச்சு." அடுத்த குலுக்கல் வந்தது. "இது ரெண்டாவது. இது கொஞ்சம் பெரிய வளவு. பிடிச்சுக்கோ." அடுத்தது. "இதுவும் போச்சு. மேல போனா குளிரா இருக்கும், நீ கேட்ட டீ வாங்கித் தாறேன்."

அவர் குரலில் ஒரு நடுக்கமும் இல்லை. அவர் கால் மட்டும் என் கால் மேல் பட்டுத் தடதடவென்று அடித்துக்கொண்டிருந்தது. தையல் மிஷின் மாதிரி அடித்தது. ஒவ்வொரு குலுக்கலுக்கும் ஒரு வளைவாக அவர் எண்ணிக்கொண்டே போனார். பொன்முடியில் இருப்பதைவிட அதிகமாகவே எண்ணினார். ஜெபம் செய்வதை நான் எப்போது நிறுத்தினேன், அவரோடு சேர்ந்து வளைவை எப்போது எண்ண ஆரம்பித்தேன் என்று எனக்கே தெரியாது. பின்னாலிருந்து பேராசிரியர், "இனி எத்தர வளவு உண்டு?" என்று மலையாளத்தில் கேட்டார். "கொஞ்சம்தான் சாரே" என்றார் அண்ணாச்சி, திரும்பாமல்.

ஆட்டம் நின்றது. வெளியே வெயில் வந்தது. மைனி கையை விடுவித்துக்கொண்டு, பழத்தைப் பார்த்து, "நசுக்கிட்டீங்களே" என்றார்.

சிங்கப்பூரில் அவர்கள் விமானம் மாறவேண்டிய வாசல்வரை கொண்டுபோய் விட்டேன். அண்ணாச்சியின் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. கண்ணாடிக்கு வெளியே நின்ற பெரிய விமானத்தைப் பார்த்தார்.

"இனி எத்தன மணிக்கூரு?"

"பத்து, அண்ணாச்சி."

"கை கடுக்குமே" என்றார், உண்மையான கவலையோடு.

"நாம ரெண்டு பேரும் மாறி மாறிப் பிடிச்சுக்கிடலாம், வாங்க" என்று மைனி பையைத் தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தார்.

ஆக்லாந்தில் உணவுப் பொருள் கொண்டுபோவதற்குக் கட்டுப்பாடு அதிகம். நான் படித்துப் படித்துச் சொல்லியிருந்தேன். அண்ணாச்சி எல்லாப் பொட்டலத்தையும் தானே மேசை மேல் எடுத்து வைத்துவிட்டார். அதிகாரி மிளகாய்ப் பொடியைத் திறந்து முகர்ந்து பார்த்தாராம். பிறகு அந்த அறையில் இருந்த எல்லோரும் தும்மினார்களாம். கருப்பட்டியையும் சுக்கையும் எடுத்து வைத்துக்கொண்டார்களாம். மற்றது எதைப் பற்றியும் அண்ணாச்சி எனக்குச் சொல்லவில்லை. மாப்பிள்ளை பிறகு சொன்னதுதான். கோமதியின் நிலைமை மோசமாகி, அவர்கள் போய்ச் சேர்ந்த வாரத்திலேயே அவசரமாக அறுவை செய்தார்கள். குழந்தை உள்ளங்கை அளவு. கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்தார்கள். கோமதிக்கு நினைவு திரும்ப நேரமாயிற்று. ஆஸ்பத்திரி வராந்தாவில் அண்ணாச்சி நாற்காலியில் பட்டும் படாமலும் உட்கார்ந்தவர் எழவே இல்லையாம். எடை வைக்காமல் உட்கார்ந்திருந்தார் என்று மாப்பிள்ளை சொன்னபோது எனக்கு மட்டும் புரிந்தது.

கோமதி கண் விழித்த அன்று என் கடைக்கு போன் வந்தது. சிந்து எடுத்து என்னிடம் நீட்டினாள்.

"தங்கச்சி" என்றார் அண்ணாச்சி. "ரெண்டு பேரும் இறங்கியாச்சு."

பேத்திக்கு இப்போது நன்றாகப் பேச்சு வருகிறது. அண்ணாச்சியும் மைனியும் ஒவ்வொரு வருஷமும் போய் வருகிறார்கள். பயம் போய்விட்டதா என்று ஒருதடவை கேட்டேன். "அது எங்க போவும்? அதுவும் கூடத்தான் வருது. அதுக்கு டிக்கெட் இல்லாததால நீ பாத்திருக்க மாட்ட" என்றார்.

இந்த வருஷம் என் மகள் ஜெனிக்கு டப்ளினில் நர்ஸ் வேலை கிடைத்தது. என் வீட்டுக்காரர் காலமான பிறகு நானும் அவளும் மட்டும்தான். டிக்கெட்டை நானே போட்டேன். வளைகுடாவில் இறங்கி மாறவேண்டும். விடியற்காலையில் அவளை அனுப்பிவிட்டு நேராகக் கடைக்கு வந்தேன். கம்ப்யூட்டரைத் திறந்தேன். அவள் விமானம் கடலுக்கு மேலே ஒரு சின்ன மஞ்சள் படமாக நகர்ந்தது. அதைப் பார்க்கவும் முடியவில்லை, பார்க்காமல் இருக்கவும் முடியவில்லை. வந்த வாடிக்கையாளரிடம் எந்த ஊருக்கு என்று இரண்டு தடவை கேட்டேன். இத்தனை வருஷம் எத்தனை பேரை மேலே ஏற்றிவிட்டு, சாயங்காலம் கதவைப் பூட்டிக்கொண்டு வீட்டுக்குப் போயிருக்கிறேன்.

அண்ணாச்சி வந்து வாசலில் நின்றார். "எந்திரி. என்கூட வா" என்றார். அவர் குரலில் இருந்த ஏதோ ஒன்றுக்காக எழுந்து போனேன்.

ஆரியசாலைக்கு அழைத்துப்போய், கடைக்குப் பின்னால் சரக்கு வைக்கிற கிட்டங்கியில் உட்கார வைத்தார். முன்னால் மலை மாதிரி வத்தல் மிளகாய். நாலைந்து பெண்கள் காம்பு கிள்ளிக்கொண்டிருந்தார்கள். "நீயும் கிள்ளு. கைக்கு வேல இருக்கும்" என்றார். கொஞ்ச நேரத்தில் கண்ணிலிருந்து தண்ணீர் கொட்ட ஆரம்பித்தது. துடைக்கத் துடைக்கக் கொட்டியது.

"கோமதி போன நாளெல்லாம் நான் இங்கதான் இருப்பேன். கடற்கரையில நின்னுட்டு நேரா இங்க வந்திருவேன்" என்றார் அண்ணாச்சி, எதிரே உட்கார்ந்து கிள்ளியபடி. "இங்க கண்ணுல தண்ணி வந்தா ஆரும் ஏன்னு கேக்க மாட்டாங்க."

சாயங்காலம் ஜெனியின் செய்தி வந்தது. டப்ளினில் இறங்கிவிட்டாள். நான் போனை நீட்டிக் காட்டினேன். அண்ணாச்சி தலையை ஆட்டிவிட்டுத் தோள் துண்டால் முகத்தை அழுத்தித் துடைத்தார். அவர் கண் இரண்டும் சிவந்து கிடந்தன.

"உங்களுக்கும் நெடி ஏறிட்டே" என்றேன்.

பக்கத்தில் கிள்ளிக்கொண்டிருந்த பெண் நிமிர்ந்து பார்த்தாள். "அண்ணாச்சிக்கா? சின்ன வயசுல இருந்து இதுக்குள்ளேயே கெடக்கிறவரு சேச்சி. அவருக்கு இந்த நெடி ஏறவே ஏறாது."